பெரியப்பா கேட்ட ‘ரத்தக் கண்ணீர்’

எம்.ஆர். ராதாவை நான் நேரில் பார்த்ததில்லை. 1979 செப்டம்பரில் திருச்சியில் அவர் இறந்தபோது எனக்கு ஐந்து வயது. ஆனால் அவருடைய குரலோடு வளர்ந்தவன் நான். கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், ரெட்டிச்சாவடிப் பக்கம் எங்கள் ஊர். காதுகுத்தோ கல்யாணமோ, பந்தலில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டியதும் முதலில் பக்திப் பாட்டு, அப்புறம் ‘ரத்தக் கண்ணீர்’ ஒலிச்சித்திரம். குஷ்டம் பிடித்த நாயகனாக ராதா, தாசி காந்தாவை இழுத்துக் கூப்பிடும் அந்தக் கரகரப்பு வயல் தாண்டிக் கேட்கும்.

என் பெரியப்பாவுக்குத் தொழுநோய். விரல்கள் மடங்கிப்போயிருந்தன. டீக்கடையில் அவருக்குத் தனி கிளாஸ். முடி வெட்ட யாரும் வரமாட்டார்கள், பெரியம்மாதான் வெட்டிவிடுவார். அவர் சாலையில் நடந்தால் பையன்கள் பின்னாலேயே போய், ராதாவின் குரலில் காந்தாவைக் கூப்பிடுவார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் நான் அவரோடு நடந்து வந்தேன். பின்னாலிருந்து அந்தக் குரல். எனக்கு உடம்பு கூசியது. பெரியப்பா நின்றார், திரும்பினார், அடுத்த வசனத்தை ராதாவின் குரலிலேயே பேசினார். இழுப்பும் இருமலும் அப்படியே. பையன்கள் வாயடைத்து நின்றார்கள். அவர்களில் ஒருவன் மட்டும், “இன்னொரு தடவை பேசுங்கள் தாத்தா” என்றான்.

பெரியப்பா கருப்புச் சட்டைக்காரர். 1954 தீபாவளிக்கு வந்த படத்தை இளைஞராகக் கடலூர்க் கொட்டகையில் பார்த்தவர். அடுத்த வாரமே, நவம்பர் 1இல், பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து புதுச்சேரி கைமாறியது. அந்த இரண்டையும் அவர் எப்போதும் சேர்த்தேதான் சொல்வார். ராதா வெறும் நடிகரல்ல என்பது அவர் கட்சி. 1937இலேயே படத்தில் நடித்தவர், பின்பு சினிமாவை விட்டு மேடைக்குப் போய், பெரியாரின் கொள்கையை நாடகமாக ஊர் ஊராகக் கொண்டுபோனார். ராமாயணத்தைக் கேலி செய்ததற்காகத் தடையும் வழக்கும் வந்தன. தடை வந்தால் வேறு பெயரில் நாடகம் போடுவாராம். 1967 ஜனவரியில் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறை சென்றதைப் பற்றி மட்டும் பெரியப்பா பேசமாட்டார். அந்த இடம் வந்தால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

எனக்கு ராதா மீது கோபம் இருந்தது. திருவாரூர் தங்கராசு எழுதிய அந்தக் கதையில், தாசி வீடே கதியென்று கிடந்தவனுக்குக் குஷ்டம் வருகிறது. செய்த பாவத்துக்குத் தண்டனைபோல. கர்மவினையை எதிர்த்தவர்கள் இதை எப்படி எழுதலாம்? என் பெரியப்பா எந்த வீட்டுக்குப் போனார்? கல்லூரிக்குப் போன புதிதில் இதை அவரிடமே கேட்டேன்.

“அது தப்புதான்” என்றார். “கிருமிக்குப் பாவ புண்ணியம் தெரியுமா? ராதா அண்ணனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆனால் சாகப்போகிறவன் தன் பெண்டாட்டியை நண்பனுக்குக் கட்டிவைக்கிறான் பார், அந்தக் காலத்தில் அதை மேடையில் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். நான் அதற்காகத்தான் கேட்கிறேன்” என்றார்.

இப்போது படித்துப் பார்த்தால் அவர் சொன்னதே சரி. தொழுநோய் மெதுவாக வளரும் ஒரு பாக்டீரியாவால் வருவது. சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகும்போது மூச்சின் வழியாகப் பரவுகிறது. பெரும்பாலோர் உடம்பு அதைத் தானே வென்றுவிடும். எண்பதுகளில் வந்த கூட்டு மருந்து அவர் நோயைத் தீர்த்தது. மாதம் ஒருமுறை பஸ் ஏறி கோரிமேடு ஜிப்மருக்குப் போய் அட்டை அட்டையாக மாத்திரை வாங்கி வருவார். அந்த மாத்திரையில் தோல் கறுத்தது. நோய் போயிற்று, மடங்கிய விரல் நிமிரவில்லை, தனி கிளாஸும் மாறவில்லை.

1998இல் அவர் இறந்தார். சடங்கு கூடாது என்று எழுதிவைத்திருந்தார். ஒலிபெருக்கி கட்ட வந்தவன், அன்று சாலையில் இன்னொரு தடவை பேசச் சொன்ன அதே பையன். வாடகை வேண்டாம் என்றான். நாடாப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதைப் போடுவது என்று தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உள்ளேயிருந்து பெரியம்மா சொன்னார்: “அவர் கேட்டதையே போடப்பா.”