கார்னோ வரம்புக்குள் இருந்தால் போதுமா? ஒரு சுழற்சி, ஒரு சண்டை

நீராவி:
ஓர் இயந்திரம் 800 கெல்வினில் 500 கிலோஜூல், 400 கெல்வினில் இன்னொரு 500 கிலோஜூல் வெப்பம் எடுக்கிறது. 300 கெல்வினில் 450 கிலோஜூலை வெளியே விடுகிறது. மீதி 550 வேலை. ஆற்றல் கணக்கு இடிக்கவில்லை. திறன் 55 சதவீதம். 800-க்கும் 300-க்கும் இடையே எந்த வெப்ப இயந்திரமும் தாண்ட முடியாத உச்சத் திறன், அதாவது கார்னோ வரம்பு, 62.5 சதவீதம். வரம்புக்குள்தானே இருக்கிறது? இயங்கும் என்பதே என் கட்சி.

தணல்:
இயங்கவே இயங்காது. மொத்த வெப்பமும் 800-இல் வந்தால்தான் 62.5. இங்கே பாதி 400-இல் வருகிறது. ஒவ்வொரு வெப்பத்தையும் அதன் வெப்பநிலையால் வகுத்துப் பாருங்கள். வெப்பத்தோடு சேர்ந்து நகரும் என்ட்ரோபி அதுதான். உள்ளே 0.625, 1.25, வெளியே 1.5. நிகரம் +0.375. ஒரு முழுச் சுழற்சியில் இந்த நிகரம் பூஜ்யத்தைத் தாண்டவே கூடாது; அதுதான் கிளாசியஸ் சமனின்மை.

நீராவி:
சுழற்சி முடிந்ததும் இயந்திரத்துக்குள் சுற்றும் பாய்மம் பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. அதன் என்ட்ரோபி மாற்றம் பூஜ்யம். அப்புறம் என்ட்ரோபி எப்படிக் குறுக்கே நிற்கும்?

தணல்:
பழைய நிலைக்கு வந்தாக வேண்டும் என்பதுதான் சிக்கலே! வெப்பத்தோடு 1.875 கிலோஜூல்/கெல்வின் என்ட்ரோபி உள்ளே வந்தது, 1.5தான் வெளியே போனது. மீதி 0.375 எங்கே? பாய்மத்தில் தங்க முடியாது, அழிக்கவும் முடியாது. 300 கெல்வினில் குறைந்தது 562.5 கிலோஜூலை விட்டே ஆக வேண்டும். அப்படியானால் வேலை அதிகபட்சம் 437.5, திறன் 43.75 சதவீதம். அதுவும் எல்லாம் மீள்தன்மையோடு, அதாவது உராய்வு போன்ற இழப்பே இல்லாமல், நடந்தால்.

சுழலி:
இந்தக் கேள்விக்குத் தணல் சொல்வது சரி. ஆனால் அந்தக் கூட்டலை மட்டும் நம்பி ஒரு சுழற்சிக்கு ஒப்புதல் தராதீர்கள். நிகரம் எதிர்க்குறியில் வந்தாலும் நடுவில் ஒரு கட்டம் நடக்க முடியாததாக இருக்கலாம். வெப்பம் புகவோ வெளியேறவோ முடியாத டர்பைனில் நீராவி 6.8 என்ட்ரோபியோடு நுழைந்து 6.6-ஓடு வெளியேறுவதாக வரைந்திருந்தால் (கிலோகிராமுக்கு, கிலோஜூல்/கெல்வின்), அந்த வரைபடம் அங்கேயே தோற்றுவிட்டது. வேறு இடத்தில் இழப்பு பெரிதாக இருந்தால் மொத்தக் கணக்கில் இது தெரியாது.

தணல்:
ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. நிகரம் நேர்க்குறி என்றால் உள்ளே எந்த அமைப்பை வைத்தாலும் இயங்காது. எதிர்க்குறி என்றால் அந்த வெப்ப அளவுகளுக்கு ஏதோ ஓர் இயந்திரம் இருக்க முடியும். வரைந்ததுதான் அது என்று பொருளில்லை.

நீராவி:
கார்னோ வரம்பை மீறினால் உடனே தள்ளிவிடலாம், அந்தப் பயனை நான் விட்டுத்தர மாட்டேன். சரி, சுழலி, கண்டென்சரிலும்தான் (நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் பகுதி) பாய்மத்தின் என்ட்ரோபி குறைகிறது. அதை மட்டும் ஏன் அனுமதிக்கிறீர்கள்?

சுழலி:
அங்கே வெப்பம் வெளியே போகிறது, என்ட்ரோபியும் கூடவே போகிறது. நான் சொன்ன டர்பைனில் அது போக வழியே இல்லை.