ஒரே சாய நூல், இரண்டு சாம்பல் நிறமாகத் தெரிகிறது: உதவுங்கள்

சென்னிமலைத் தறி
வணக்கம். ஒரே தடவையில் சாயம் போட்ட சாம்பல் நூலில் இரண்டு டிசைன் பெட்ஷீட் ஓட்டினோம். ஒன்றுக்கு அகலமான கறுப்புக் கரை, மற்றதற்கு வெள்ளைக் கரை. கறுப்புக்கு நடுவே சாம்பல் வெளுத்துக் கிடக்கிறது. வெள்ளைக்கு நடுவே கருத்துத் தெரிகிறது. மொத்த வியாபாரி, "இரண்டு லாட்டை (தனித்தனியாகச் சாயம் போட்ட நூலை)க் கலந்துவிட்டீர்கள்" என்று கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். சாயப்பட்டறைக்காரரோ சத்தியம் செய்கிறார். யாரை நம்புவது?

ஈரோட்டு நெசவு
முதலில் பாவு (நீளவாட்டில் ஓடும் நூல்) என்ன நிறம்? ஒன்றில் கறுப்புப் பாவு, மற்றதில் வெள்ளைப் பாவு என்றால் ஊடை (குறுக்கே ஓடும் நூல்) ஒன்றாக இருந்தாலும் துணியின் நிறம் நிஜமாகவே மாறும்.

சென்னிமலைத் தறி
இல்லை அண்ணா. நடுப்பகுதியில் பாவும் ஊடையும் அதே சாம்பல்தான். கரை மட்டுமே வேறு.

திருப்பூர்ச் சாய லேப்
அப்படியானால் சாயக்காரர் மேல் பழியில்லை. பக்கத்துக் கரையின் நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது. சாம்பல் நிற அட்டை ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சதுரம் வெட்டுங்கள். நேர் வெயில் படாத வாசல் வெளிச்சத்தில் இரண்டு பெட்ஷீட்டையும் ஒரே வாட்டத்தில் விரித்து, கரை தெரியாதபடி அட்டையை மேலே வையுங்கள். ஒரே நிறமாகத் தெரிந்தால் லாட் ஒன்றுதான். இதை வியாபாரியின் கண் முன்னால் செய்வது நல்லது.

இது பழைய வழக்கு. பாரிஸில் கோப்லான் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்கு 1824இல் தலைவராக வந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடமும் கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்ற புகார் வந்தது. சோதித்தார், கறுப்பில் குறையில்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கடித்தன. 1839இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். பளிச்சென்ற ஒன்றைப் பார்க்கும் விழித்திரைச் செல்கள் அண்டைச் செல்களின் சமிக்ஞையை அடக்கிவிடுவது இதற்கு ஒரு காரணம். மூளையின் கணக்கும் அதில் சேர்கிறது.

சென்னிமலைத் தறி
அட்டை வைத்துப் பார்த்தோம். இரண்டும் அச்சாக ஒன்றே. வியாபாரியும் மறுபேச்சுப் பேசவில்லை. ஆனால் புதுக் குழப்பம்: அதே சாம்பலில் மெல்லிய கறுப்புக் கோடு நெருக்கமாக ஓட்டிய துண்டு ஒன்று இருக்கிறது. அதில் சாம்பல் வெளுக்கவில்லை, கருத்திருக்கிறது! அங்கும் பக்கத்தில் கறுப்புதானே?

திருப்பூர்ச் சாய லேப்
நல்ல கேள்வி தம்பி, பலர் கவனிப்பதே இல்லை. பட்டை அகலமாக இருந்தால் கண் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும். கோடு மெலிந்து நெருங்கினால் அக்கம்பக்கத்து நிறத்தைக் கலந்து காட்டும். கம்பள டிசைன்களில் ஒரு நிறத்தை மாற்றினால் மற்றதெல்லாம் மாறித் தெரிவதைக் கவனித்து எழுதிய ஜெர்மானியர் பெட்சோல்டின் பெயரால் இந்த விளைவை அழைக்கிறார்கள். அவர் தொழில் வானிலை ஆய்வு!

ஈரோட்டு நெசவு
அறிவியல் இருக்கட்டும். கடையில் வாங்குகிறவர் அட்டையோடு வரமாட்டார். அடுத்த முறை கறுப்புக் கரைக்குச் சாம்பலைக் கொஞ்சம் அழுத்தமாகப் போடச் சொல்லுங்கள். மொத்த நூலையும் சாயத்துக்குக் கொடுக்கும் முன், கொஞ்சம் நூலுக்கு மட்டும் சாயம் போட்டு, கரையோடு சேர்த்து ஒரு முழம் நெய்து பாருங்கள். சிட்டத்தை (நூல் கட்டை)க் கையில் பிடித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இப்படிச் சாம்பலை அழுத்தமாகப் போட்டால் அட்டையில் நிறம் இரண்டாகத்தான் தெரியும் என்பதை வியாபாரியிடம் முன்பே சொல்லி வையுங்கள். இப்போது திரும்பி வந்த கட்டை டிசைன் வாரியாகப் பிரித்து வேறு வேறு கடைகளுக்கு அனுப்புங்கள்.