கோவைக்காய்த் தண்டுகள் வேர் பிடிக்க ஆக்சின் எவ்வளவு தேவை?

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன், மொட்டை மாடித் தோட்டத்திற்காகப் பென்சில் தடிமனுள்ள 20 கோவைக்காய்த் தண்டுகளை வெட்டி, பத்தினை இளநீரில் ஓர் இரவு ஊறவைத்தும், பத்தினை வெறுமனேயும் தென்னைநார்க் கழிவில் நட்டேன். நேற்று மெல்ல உருவிப் பார்த்தபோது, வெறுமனே நட்டவற்றில் ஏழு தண்டுகளின் அடிக்கணுவில் வெள்ளை வேர்கள் விரல் நீளத்திற்கு ஓடியிருந்தன. இளநீரில் ஊறியவற்றிலோ, வெட்டுவாயில் வெளிறிய திசுக்கட்டி மட்டுமே பொரிப்பொரியாகத் திரண்டிருந்தது.

தளிர் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி நகர்ந்து வெட்டுவாயருகே தேங்குவதால்தான் புதுவேர் தொடங்குகிறது. இளநீரிலுள்ள சைட்டோகைனின் என்ற மற்றொரு வளர்ச்சி ஊக்கி மிகுந்தால் வேர் தொடங்குவது தடைபடும் என்பதால், இளநீரையே சந்தேகிக்கிறேன். இளநீர் எல்லாத் தண்டுக்கும் நல்லது என்று பலரும் சொல்வதால், இது முக்கியமென நினைக்கிறேன்.

அடுத்த முறை இண்டோல் பியூட்டிரிக் அமிலம் என்ற ஆக்சினைப் பயன்படுத்த விரும்புகிறேன். வேரைத் தொடங்கிவைக்கும் அதே ஆக்சின், அளவு மீறினால் வேர் நீள்வதைத் தடுத்துவிடும் என்பதால், கோவைக்கு 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) போதுமா, 1000 பிபிஎம் வேண்டுமா? சில நொடிகள் முக்கினால் போதுமா? நுனித் தளிரைக் கிள்ளாமல் விட்டால், அதன் ஆக்சின் உதவுமா, அல்லது தண்டு வாடிவிடுமா? கோவை நட்டு அனுபவமுள்ளவர்கள், தாங்கள் கண்டதை அளவுகளுடன் எழுதினால் பேருதவியாக இருக்கும்.