ஸ்டார்ட்டப் லிஸ்ட்ல தெரியாத பேர்: முதல்ல நிறுத்தணுமா, முதல்ல விசாரிக்கணுமா?

மயிலை அச்சகம்

எல்லாருக்கும் வணக்கம். மயிலாப்பூர்ல கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஜெராக்ஸ்னு சின்னதா ஒரு கடை வெச்சிருக்கேன். டிசைன் பண்ற கம்ப்யூட்டர் விண்டோஸ் 10, பழைய ஹார்டு டிஸ்க். காலையில ஆன் பண்ணா டெஸ்க்டாப் வந்துடுது, ஆனா ஒரு ஃபைல் திறக்கறதுக்குள்ள வாசல்ல நாலு பேர் நின்னுடறாங்க.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்டப் பக்கம் பார்த்தேன், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே தானா ஓட ஆரம்பிக்கற புரோகிராம்களோட லிஸ்ட் அது. பாதிப் பேர் எனக்குத் தெரியாது. அதுல ரெண்டு ரொம்ப உறுத்துது. ஒண்ணு வெறுமனே 'புரோகிராம்'னு இருக்கு. ஐகானும் இல்ல, கம்பெனி பேரும் இல்ல. இன்னொண்ணு 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்'. ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சா "ஃபார்மட் போட்டுடலாம் சார்"ங்கறாங்க. ஃபாண்ட், டிசைன் சாஃப்ட்வேர், பிரிண்டர் செட்டிங்னு எல்லாத்தையும் மறுபடி போடணும், முகூர்த்த சீசன்ல அதுக்கு வழியே இல்ல. இந்த லிஸ்ட்ல இருக்கறதை ஆஃப் பண்ணலாமா?

பெரம்பூர் பாலா

அண்ணா, மொத்தத்தையும் டிசேபிள் பண்ணுங்க. பயப்படவே வேணாம். விண்டோஸ் எழுந்து நிக்கறதுக்கு அந்த லிஸ்ட்ல இருக்கற எதுவும் தேவையில்ல. அதுக்கு வேண்டிய சர்வீஸ், டிரைவர் எல்லாம் தனி வழியில ஏறும். டிசேபிள் பண்ணா அழியாது, அதே இடத்துல ரைட் கிளிக் பண்ணி எனேபிள் குடுத்தா திரும்ப வந்துடும். ரீஸ்டார்ட் பண்ணுங்க, எது வேலை செய்யலையோ அதை மட்டும் திருப்பிப் போடுங்க.

ஒவ்வொரு பேரையும் நெட்ல தேடினா என்ன வரும்னு பார்த்திருக்கீங்களா? "இது ஆபத்தான ஃபைல், எங்க கிளீனரை இறக்குங்க"ன்னு பத்து சைட். தேடப் போனவன்தான் அதுல மாட்டிக்கறான். தெரியாதவன் வீட்டுக்குள்ள வந்து உட்கார்ந்தா முதல்ல வெளியில நிக்க வெச்சுட்டுத்தானே யாருன்னு கேட்போம்?

நங்கநல்லூர் வித்யா

பாலா சொல்றதை நான் கடுமையா மறுக்கறேன். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் எல்லாம் பார்த்துக்கறேன். மெஷின் ஸ்லோவா இருக்குன்னு ஒரு ஸ்டாஃப் இதே மாதிரி மொத்தத்தையும் டிசேபிள் பண்ணிட்டு லீவுல போயிட்டார். 20ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர் 3பி, அதாவது மாசாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன், தாக்கல் பண்ணக் கடைசி நாள். கிளையன்ட் பிரைவேட் லிமிடெட் கம்பெனி, டிஜிட்டல் கையெழுத்து இல்லாம நகராது. அந்தக் கையெழுத்து இருக்கற யூஎஸ்பி டோக்கனைச் சொருகினா ஜிஎஸ்டி போர்ட்டல் கண்டுக்கவே இல்ல. டோக்கனோட சாஃப்ட்வேரும், போர்ட்டல்ல கையெழுத்துப் போட உதவற எம்சைனரும் பின்னணியில ஓடணும், ரெண்டுமே ஓடல. யாரு நிறுத்தினாங்க, எங்க நிறுத்தினாங்கன்னே அங்க யாருக்கும் தெரியாது. யூஎஸ்பி போர்ட்டை மாத்தறோம், டிரைவரை மறுபடி போடறோம், மணி ஓடுது.

"எது வேலை செய்யலையோ அதைத் திருப்பிப் போடு"ன்னு சொல்றது, நின்னது உடனே கண்ணுக்குத் தெரிஞ்சா சரி. தமிழ் டைப் பண்ண என்எச்எம் ரைட்டர் நின்னா தெரிஞ்சுடும், 'அம்மா'ன்னு அடிச்சா இங்கிலீஷ்ல வரும். ஆனா ஃபைலை நெட்ல காப்பி எடுத்து வெக்கற ஒன்டிரைவ் நின்னா? மெஷின் சத்தமே போடாது. டிஸ்க் போற அன்னிக்குத்தான் மேல போன கடைசி ஃபைல் எந்த மாசத்துதுன்னு தெரியும்.

பெரம்பூர் பாலா

அக்கா, அங்க தப்பு டிசேபிள் பண்ணதுல இல்ல. எதை நிறுத்தினோம்னு யார்கிட்டயும் சொல்லாம போனதுல. நிறுத்தறதுக்கு முன்னாடி லிஸ்ட்டை ஒரு போட்டோ எடுத்து வெச்சா முடிஞ்சது. ஜெராக்ஸ் கடையும் ஆடிட்டர் ஆபீஸும் ஒண்ணு கிடையாது.

அண்ணா நகர் அருண்

எதுக்கு இவ்ளோ பேச்சு, ஃப்ரீ பூஸ்டர் ஒண்ணு போட்டு ஸ்கேன் குடுங்க, அதுவே எல்லாத்தையும் தூக்கிடும்.

நங்கநல்லூர் வித்யா

தயவுசெஞ்சு வேணாம். அந்த பூஸ்டரும் அதே ஸ்டார்ட்டப் லிஸ்ட்ல தன் பேரைச் சேர்த்துக்கும். விண்டோஸ் தன் செட்டிங்கை எல்லாம் எழுதி வெக்கற ரெஜிஸ்ட்ரியைச் 'சுத்தம்' பண்றேன்னு எதை அழிச்சதுன்னு கடைசி வரைக்கும் சொல்லாது.

பெரம்பூர் பாலா

இதுல நான் வித்யா அக்கா பக்கம்.

சைதை சர்வீஸ்

இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மயிலை நண்பர் சொன்ன அந்த ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் பற்றி இருவருமே பேசவில்லை. எனக்கு அதுதான் கவலை.

டாஸ்க் மேனேஜரில் அதன் வெளியீட்டாளர் 'மைக்ரோசாஃப்ட்' என்று இருக்கும். பொய் இல்லை, அந்த ஸ்கிரிப்ட் ஹோஸ்ட், அதாவது டபிள்யூஸ்கிரிப்ட், விண்டோஸோடு வரும் உண்மையான புரோகிராம்தான். ஆனால் அதற்கென்று சொந்த வேலை கிடையாது. கையில் கொடுக்கும் ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகள் எழுதிய ஃபைலை, ஓட்டும், அவ்வளவுதான். யார் கொடுத்த ஸ்கிரிப்ட் என்பதுதான் கேள்வி. ஸ்டார்ட்டப் பக்கத்தில் மேலே தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'கமாண்ட் லைன்' என்பதை டிக் செய்யுங்கள். புதிதாக ஒரு நெடுவரிசை வரும். முழுப் பாதையும் அதில் தெரியும். ஆப்டேட்டா, ரோமிங் என்ற ஃபோல்டர்கள் வழியாகப் போய் '.விபிஎஸ்' என்ற ஸ்கிரிப்ட் ஃபைலில் முடிந்தால், பெரும்பாலும் அது பென் டிரைவ் வழியாக வந்த ஷார்ட்கட் வைரஸ். பென் டிரைவில் ஃபோல்டர்கள் ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

'புரோகிராம்' என்று மட்டும் நிற்பது அநேகமாக ஒரு குப்பை. 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற பெயருக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது அல்லவா? ரெஜிஸ்ட்ரியில் பாதையை மேற்கோள்குறி இல்லாமல் எழுதிவைத்து, அந்த சாஃப்ட்வேரும் பிறகு நீக்கப்பட்டிருந்தால், விண்டோஸ் அந்த இடைவெளியோடு நிறுத்திக்கொண்டு 'புரோகிராம்' என்று காட்டும். பார்த்தால் பயமாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. எப்படியும் கமாண்ட் லைனைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஆக, அடையாளமே இல்லாமல் இருப்பது பாவம், சும்மா கிடக்கிறது. மைக்ரோசாஃப்ட் பெயரோடு இருப்பதுதான் ஆபத்து. பெயரை வைத்து முடிவு செய்யக்கூடாது. விண்டோஸ் சர்வீஸ்களை ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட்டின் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். உண்மையானது சிஸ்டம் 32 ஃபோல்டரில் இருந்துதான் ஓடும்.

பெரம்பூர் பாலா

நல்ல தகவல் சார். ஆனா நான் சொன்ன மாதிரி மொத்தமா டிசேபிள் பண்ணியிருந்தா அந்த ஸ்கிரிப்டும் நின்னிருக்குமே? விசாரிச்சுட்டு நிறுத்தலாம்னு உட்கார்ந்தா, அது வரைக்கும் வைரஸ் ஓடிட்டே இருக்கும். என் வாதம் இன்னும் பலமாகுது.

சைதை சர்வீஸ்

இல்லை தம்பி. நின்ற மாதிரி தெரியும், அதுதான் சிக்கல். டிசேபிள் என்பது அடுத்த முறை ஏறாமல் தடுக்கும், இப்போது மெமரியில் ஓடுவதைத் தொடாது. இந்த ரகத்தில் பல, தன் பதிவைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொள்ளும். அதோடு அந்தப் பக்கம் காட்டுவது ரெஜிஸ்ட்ரியின் 'ரன்' பகுதியும் ஸ்டார்ட்டப் ஃபோல்டரும் போன்ற சில இடங்களை மட்டும்தான். குறித்த நேரத்தில் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருந்தால் அங்கே பெயரே வராது. லிஸ்ட் முழுக்க டிசேபிள், மெஷின் சுத்தம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், அது பாட்டுக்கு அடுத்த பென் டிரைவுக்குத் தாவும்.

முழுதாகப் பார்க்க ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச்சின் சிஸ்இன்டர்னல்ஸ் செய்தது. 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, இப்போதும் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கும். அதில் ஒரு வரி மஞ்சளாகத் தெரிந்தால் பதிவு இருக்கிறது, ஃபைல் இல்லை. இளஞ்சிவப்பு என்றால் கையொப்பம் இல்லை அல்லது சரிபார்க்க முடியவில்லை.

நங்கநல்லூர் வித்யா

சார், உங்க மேல மரியாதை உண்டு, ஆனா கடைக்காரர் கையில ஆட்டோரன்ஸைக் குடுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அதுல டிரைவர், வின்லாகான்னு எல்லாப் பக்கமும் திறந்து கிடக்கு. தப்பான இடத்துல ஒரு டிக்கை எடுத்தா மெஷின் லாகினே ஆகாம போகலாம். அந்த இளஞ்சிவப்பை நம்பியும் முடிவு பண்ண முடியாது. நம்ம ஊர்ல தனி ஆளா எழுதிக் குடுத்த பில்லிங் சாஃப்ட்வேர், பழைய தமிழ் ஃபாண்ட் மென்பொருள் இதுக்கெல்லாம் டிஜிட்டல் கையொப்பம் இருக்காது. அந்தச் சான்றிதழுக்கு வருஷா வருஷம் காசு கட்டணும், சின்ன டெவலப்பர் எங்க போவார்? நிறத்தைப் பார்த்துத் தூக்கினா கடையோட பில் மெஷின்தான் முதல்ல நிக்கும்.

சைதை சர்வீஸ்

நியாயமான பேச்சு. லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் இரண்டு பக்கத்தை மட்டும் பார்க்கட்டும், மற்றதைத் தொட வேண்டாம். டிக்கை எடுப்பதோடு நிறுத்த வேண்டும், டெலீட் கூடவே கூடாது.

மயிலை அச்சகம்

பார்த்தேன் சார். நீங்க சொன்னதேதான். ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் வரியில ஆப்டேட்டா, ரோமிங், அப்புறம் அர்த்தமே இல்லாத எழுத்துகள், கடைசியில .விபிஎஸ். 'புரோகிராம்' வரியில எப்பவோ வித்துட்ட பழைய ஸ்கேனரோட சாஃப்ட்வேர் பாதை. அந்த ஃபோல்டரே இப்ப இல்ல.

ஷார்ட்கட் விஷயமும் உண்மை. பிரிண்ட் எடுக்க வர்ற பசங்க, "அண்ணா, என் பென் டிரைவ்ல ஃபைல் எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுச்சு"ன்னு ரெண்டு மூணு தடவை சொன்னாங்க. அவங்க காலேஜ்ல இருந்து வந்திருக்கும்னு நினைச்சேன். இப்ப என்ன பண்ணணும்?

சைதை சர்வீஸ்

எல்லா பென் டிரைவையும் கழற்றுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஓடிக்கொண்டிருக்கும் டபிள்யூஸ்கிரிப்டை எண்ட் டாஸ்க் கொடுங்கள். பிறகு ஸ்டார்ட்டப் பதிவை டிசேபிள் செய்து, அந்த .விபிஎஸ் ஃபைலை அழியுங்கள். ஷெட்யூலரிலும் ஸ்டார்ட்டப் ஃபோல்டரிலும் அதே பெயர் இருக்கிறதா பாருங்கள். கடைசியில் விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே தேடும். கால் மணி நேரம் போல ஆகும். திறந்திருக்கும் டிசைனை எல்லாம் முன்பே சேவ் செய்துவிடுங்கள்.

பசங்களின் ஃபைல் போகவில்லை, மறைத்து மட்டும் வைக்கப்பட்டிருக்கும். ஃபோல்டர் ஆப்ஷனில் மறைந்த ஃபைல்களையும் சிஸ்டம் ஃபைல்களையும் காட்டச் சொன்னால் தெரியும். அந்த ஷார்ட்கட்டை மட்டும் யாரும் கிளிக் செய்யக்கூடாது.

பெரம்பூர் பாலா

வைரஸுக்கு இது சரி, ஒத்துக்கறேன். ஆனா மிச்சம் இருக்கற அப்டேட்டர், மெசஞ்சர், பிரிண்டர் இங்க் காட்டறது இதுக்கெல்லாம் இவ்ளோ விசாரணை வேணாம்ங்கறதுல நான் மாறல. பழைய ஹார்டு டிஸ்க்ல எல்லாம் ஒரே நேரத்துல படிக்க ஆரம்பிச்சா டிஸ்க் 100 சதவீதத்துல நிக்கும். 'ஹை இம்பாக்ட்'னு போட்டிருக்கறதை முதல்ல நிறுத்துங்க அண்ணா.

நங்கநல்லூர் வித்யா

அந்த 'ஹை' எதை வெச்சுப் போடறாங்கன்னும் தெரிஞ்சுக்கணும். ஏறும்போது 1 நொடிக்கு மேல சிபியூ நேரம் எடுத்தாலோ, 3 எம்பிக்கு மேல டிஸ்க்கைப் படிச்சாலோ 'ஹை'. நல்லது கெட்டதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்த .விபிஎஸ் 'லோ'ன்னு காட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அப்டேட்டர், மெசஞ்சரை நிறுத்தறதுல எனக்கும் ஆட்சேபணை இல்ல, ஆனா பிரவுசரோட அப்டேட்டரை விட்டுடுங்க. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சாதாரண ஆதரவே முடிஞ்சு போச்சு, இருக்கற பாதுகாப்பையும் குறைச்சுக்க வேணாம்.

இன்னொண்ணு, நிறுத்தின பிறகு ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணிப் பார்க்காதீங்க சார். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தா விண்டோஸோட மையப் பகுதியான கெர்னலை அப்படியே டிஸ்க்ல எழுதி வெச்சுத்தான் தூங்கும். ரீஸ்டார்ட் குடுத்தாத்தான் முழுசா முதல்ல இருந்து ஏறும்.

மயிலை அச்சகம்

ரொம்ப நன்றி. கடையைச் சாத்தினதும் ஸ்கேன் போடறேன். வாட்ஸ்அப்ல இருக்கற ரெகுலர் கஸ்டமர் எல்லாருக்கும், என் கடையில சொருகின பென் டிரைவை ஸ்கேன் பண்ணுங்கன்னு இப்பவே அனுப்பறேன். அவங்க ப்ராஜெக்ட் எல்லாம் அதுலதான் இருக்கும். பக்கத்துல பில் போடற கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு, அதுல பென் டிரைவ் போட மாட்டோம். அதையும் பார்க்கணுமா?

சைதை சர்வீஸ்

இரண்டுக்கும் நடுவே நீங்களே பென் டிரைவில் ஃபைல் எடுத்துப் போயிருப்பீர்கள். பாருங்கள்.

நங்கநல்லூர் வித்யா

பில் மெஷின்ல கமாண்ட் லைனோட சேர்த்து லிஸ்ட்டைப் போட்டோ எடுத்து இங்க போடுங்க சார். அது வரைக்கும் அதுல எதையும் டிசேபிள் பண்ண வேணாம்.

பெரம்பூர் பாலா

.விபிஎஸ் இருந்தா மட்டும் காத்திருக்காதீங்க அண்ணா, அதை உடனே நிறுத்துங்க.