அனுப்பிய மெயில் காப்பி அந்தந்த பார்ட்டி ஃபோல்டருக்குப் போக என்ன செய்யணும்? அவசரம்

மயிலாப்பூர்_ஆடிட்: வணக்கம். ஆடிட் ஆபீஸில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் (கிளையன்ட்டுக்கும்) தனி ஃபோல்டர் வைத்திருக்கிறேன். வருகிற மெயில் சரியாகப் பிரிகிறது. அனுப்பியது எல்லாம் சென்ட்டில்தான் குவிகிறது. செட்டிங்ஸை மாற்றினேன், இப்போது எல்லாமே ஒரே பார்ட்டி ஃபோல்டருக்குள் விழுகிறது. 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் வேறு. யாராவது சொல்லுங்கள்.

அம்பத்தூர்_எஸ்டேட்: எதில் மெயில் பார்க்கிறீர்கள் சார்? அவுட்லுக்கா, தண்டர்பேர்டா, பிரவுசரிலா?

பெரம்பூர்_லோகோ: கணக்கு ஐமேப்பா (மெயில் சர்வரிலேயே இருப்பது), பாப் முறையா (கணினியில் இறங்கிவிடுவது)? எந்த செட்டிங்ஸை மாற்றினீர்கள்?

குரோம்பேட்டை77: ஆடிட் ஆபீஸ் என்றால் அவுட்லுக்தான். நான் அனுப்பும் மெயில்களுக்கு என்று ரூல்ஸில் தனியாக இருக்கும், அதில் போடுங்கள். காப்பிதான் போகும், அசல் சென்ட் ஐட்டம்ஸிலேயே நிற்கும்.

பழைய_சர்வர்: அடிப்படை தெரியாமல் செட்டிங்ஸில் கை வைத்தால் இப்படித்தான் ஆகும். மெயிலை அனுப்புகிற எஸ்எம்டிபிக்கு ஃபோல்டர் என்றாலே என்னவென்று தெரியாது. அனுப்பி முடித்த பிறகு உங்கள் மென்பொருள் ஐமேப் வழியாக இன்னொரு முறை அதே மெயிலை ஏற்றி வைக்கிறது. 10 எம்பி இணைப்பு என்றால் இரண்டு தடவை மேலே போகும். முதலில் இதைப் புரிந்துகொண்டு வாருங்கள்.

மயிலாப்பூர்_ஆடிட்: மன்னிக்கவும், தண்டர்பேர்ட். ஐமேப். காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸில் அதர் என்று கொடுத்து ஒரு ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்தேன்.

அம்பத்தூர்_எஸ்டேட்: அதுதான் விஷயம். அந்த இடம் கணக்கு முழுவதற்கும் ஒன்று, பார்ட்டிக்கு ஒன்று கிடையாது. அதைப் பழையபடி சென்ட்டுக்கே மாற்றுங்கள். பக்கத்திலேயே, பதிலை மூல மெயில் இருக்கும் ஃபோல்டரில் வை என்ற அர்த்தத்தில் ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்கள். பார்ட்டியின் மெயில் அவர் ஃபோல்டருக்குள் வந்த பிறகு ரிப்ளை கொடுங்கள். இன்பாக்ஸில் இருக்கும்போதே கொடுத்தால் பார்ட்டி ஃபோல்டருக்குப் போகாது.

புதிதாக எழுதுகிற மெயிலுக்கு ஃபில்டர் (மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதி) வேண்டும். ஆஃப்டர் சென்டிங் என்பதை டிக் செய்து, பெறுபவரின் (To) முகவரியை நிபந்தனையாக வையுங்கள். ஒரே பார்ட்டிக்கு நாலு முகவரி இருந்தால் சப்ஜெக்டில் அவர் ஜிஎஸ்டி எண்ணைப் போடும் பழக்கம் நல்லது. அந்த 15 எழுத்து எண் ஆளுக்கு ஆள் வேறு, ஃபில்டர் தவறாது.

எப்போதாவது ஒன்று என்றால் மெயில் எழுதும் ஜன்னலில் ஆப்ஷன்ஸ் மெனுவுக்குள்ளேயே காப்பி போகும் ஃபோல்டரைத் தேர்வு செய்யலாம்.

குரோம்பேட்டை77: இவ்வளவு எதற்கு? எல்லாவற்றையும் சென்ட்டில் விட்டுவிட்டுத் தேடினால் கிடைக்கப்போகிறது.

பெரம்பூர்_லோகோ: நோட்டீஸுக்கு பதில் அனுப்பினோமா என்று முதலாளி கேட்கும்போது, என்ன வார்த்தை போட்டோம் என்று ஞாபகம் இருக்காது. ஃபோல்டரைத் திறந்தால் கேள்வியும் பதிலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்.

பழைய_சர்வர்: தேடத் தெரியாதவர்களுக்குத்தான் ஃபோல்டர்.

சைதை_ஆற்றங்கரை: ஃபோல்டரோ தேடலோ, மெயில் சர்வரில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களிடம் பாப் இருந்தது. பாப்பில் அனுப்பியதெல்லாம் அந்த ஒரு கணினியில் மட்டும்தான். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் உள்ளே வந்தபோது கீழ்த்தளத்துக் கணினி மூழ்கியது. வந்த மெயிலில் கொஞ்சம் சர்வரில் மிச்சம் இருந்தது, நாங்கள் அனுப்பிய மெயில் ஒன்றுகூட மீளவில்லை. பார்ட்டிகளிடம் போன் செய்து, நாங்கள் அனுப்பியதை எங்களுக்கே திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டோம். ஃபில்டரில் ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கும்போது லோக்கல் ஃபோல்டர்ஸைத் தொடாதீர்கள் தம்பி, அதுவும் கணினியில் மட்டும்தான் இருக்கும்.

குரோம்பேட்டை77: இப்போது யார் சார் பாப் வைத்திருக்கிறார்கள்?

சைதை_ஆற்றங்கரை: எங்கள் தெருவிலேயே இரண்டு கடை இருக்கிறது.

மயிலாப்பூர்_ஆடிட்: ரிப்ளை சரியாக விழுகிறது. 12 பார்ட்டிக்கு ஃபில்டர் போட்டாயிற்று, மீதி 20க்கு அப்புறம். நன்றி அண்ணா.

அம்பத்தூர்_எஸ்டேட்: ஃபில்டரில் மூவ் கொடுத்தீர்களா, காப்பியா? காப்பி என்றால் சென்ட்டிலும் ஒன்று நிற்கும், சர்வர் இடம் இரண்டு மடங்கு போகும். பார்த்துச் சொல்லுங்கள்.