வடகடல் வீட்டார் குழு: நிலவனின் கபடிப் பக்கம்

அம்மா, மாலை 6:10
மதினி, தம்பி, மாமா, எல்லோருக்கும் வணக்கம். நிலவன் பள்ளிக் கையெழுத்து இதழுக்கு ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். ஐந்தாம் வகுப்பு முடியப்போகிறது அல்லவா, இந்த ஆண்டு வகுப்பிலும் மைதானத்திலும் கற்றது என்ன என்பதுதான் தலைப்பு. உங்களிடம் காட்டியே தீருவேன் என்கிறான். இனி கைபேசி அவனிடம்.

நிலவன், 6:12
திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். கேட்பேனா என்பது திருத்தத்தைப் பொறுத்தது.

நிலவன், 6:19
"ஆண்கள் அணி ஆடும் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். எங்கள் பள்ளியில் அவ்வளவு இடம் இல்லை. 8 மீட்டருக்கு 6 மீட்டர் போடுங்கள் என்றார் ஆசிரியர். சுற்றளவு 28 மீட்டர், பரப்பளவு 48 சதுர மீட்டர் என்று கரும்பலகையில் உடனே போட்டுவிட்டோம். மணலில்தான் சிக்கல். நான்கு பக்கமும் சரியாக அளந்தோம், ஆனாலும் களம் சாய்ந்து கிடந்தது."

திருப்பூர் அத்தை, 6:23
நன்றாக இருக்கிறது கண்ணா. தொடக்கத்தில் "விளையாட்டு உடலுக்கும் உள்ளத்துக்கும் நல்லது" என்று ஒரு வரி சேர்த்துக்கொள். கட்டுரை என்றால் முன்னுரை வேண்டும்.

துபாய் சித்தப்பா, 6:24
அக்கா, அந்த வரியை நாம் படித்த காலத்திலேயே எழுதித் தீர்த்துவிட்டோம். அவன் போக்கில் விடுங்கள். நான்கு பக்கமும் சரியென்றால் எப்படிச் சாயும், நிலவா?

நிலவன், 6:27
தீப்பெட்டியின் உள்பெட்டியை உருவிவிட்டு வெளிக்கூட்டை ஒரு மூலையில் அழுத்திப் பாருங்கள் சித்தப்பா. பக்கங்கள் மாறாது, கூடு மட்டும் படுத்துக்கொள்ளும். ஆசிரியர் அதைத்தான் செய்து காட்டினார். பிறகு மூலைக்கு மூலை கயிறு பிடிக்கச் சொன்னார். ஒரு மூலைவிட்டம் 9.5 மீட்டர், இன்னொன்று கிட்டத்தட்ட 10.5. இரண்டும் 10 மீட்டர் ஆகும்வரை முளைக்குச்சிகளைப் பிடுங்கிப் பிடுங்கி நட்டோம்.

தாத்தா, 6:31
என்ன கயிறு?

நிலவன், 6:31
உங்கள் பழைய வலைக்கயிறுதான் தாத்தா. மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொண்டோம்.

தாத்தா, 6:34
நைலான் கயிறு இழுத்தால் நீளும். ஒருவன் இழுத்துப் பிடித்து இன்னொருவன் தளர்த்திப் பிடித்தால் கணக்கு நிற்காது. கடலில் ஆழம் பார்க்க எங்களுக்குப் பாகம்தான். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஆறடி. அந்த 13 மீட்டர் ஏழு பாகம் வரும்.

நிலவன், 6:35
யாருடைய கை?

தாத்தா, 6:35
என் கை. உன் கையால் அளந்தால் பத்துப் பாகம் பக்கம் போகும்.

துபாய் சித்தப்பா, 6:36
அதற்காகத்தான் அப்பா மீட்டர் வந்தது.

தாத்தா, 6:36
மீட்டர் வருமுன்னும் மீன் கிடைத்தது.

துபாய் சித்தப்பா, 6:38
நிலவா, களம் சாய்ந்திருந்தபோது சுற்றளவு 28தான். பரப்பளவு?

நிலவன், 6:39
குறையும் என்றார் ஆசிரியர். எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் கணக்கு பெரிய வகுப்பில்தான் வருமாம்.

துபாய் சித்தப்பா, 6:44
போட்டுப் பார்த்தேன். கால் சதுர மீட்டர் குறைகிறது.

நிலவன், 6:45
ஓர் ஆள் நிற்கும் இடம்! இதையும் சேர்த்துக்கொள்கிறேன். இப்போது இரண்டாவது பத்தி.

நிலவன், 6:52
"கலைச்செல்வி வகுப்பில் வாய்விட்டு வாசிக்க மாட்டாள். களத்தில் இறங்கினால் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போய் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவாள். ஒரு முறை பாடிப்போக 30 விநாடிதான் நேரம். ஆசிரியர் கடிகாரத்தை எடுத்து வைத்து, அதே 30 விநாடியில் பாடத்தில் எதுவரை போகிறாய் பார்ப்போம் என்றார். போட்டி என்றதும் எழுந்துவிட்டாள். பக்கத்தின் பாதியைத் தாண்டிப் போனாள். வாசிக்கும்போது கால்புள்ளி வந்தால் மூச்சு விடலாம். கபடியில் கால்புள்ளி கிடையாது."

திருப்பூர் அத்தை, 6:55
கடைசி வரியை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நிலவன், 6:55
யாரும் இல்லை அத்தை. நானே எழுதினேன்.

திருப்பூர் அத்தை, 6:56
அப்படியானால் முன்னுரை வேண்டாம்.

தாத்தா, 6:58
ஓட்டப்பந்தயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே.

நிலவன், 7:01
கடைசிக்கு முந்திய இடம் தாத்தா, அதில் எழுத என்ன இருக்கிறது? நனைந்த மணலில் ஓடியவர்களுக்குக் கால் புதையவில்லை. எனக்குக் காய்ந்த மணல் பக்கம்தான் கிடைத்தது. வாடைக் காற்று வேறு எதிரே அடித்தது.

தாத்தா, 7:02
அன்றைக்குக் காற்றே இல்லை. நான் கரையில்தான் வலை பொத்திக்கொண்டிருந்தேன்.

அம்மா, 7:03
காற்று இல்லை மாமா, பொங்கல். பள்ளியில் காலை உணவுக்குப் பொங்கலும் சாம்பாரும். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஓடியிருக்கிறான்.

திருப்பூர் அத்தை, 7:04
இதைக் கட்டாயம் எழுது!

நிலவன், 7:04
எழுத மாட்டேன்.

துபாய் சித்தப்பா, 7:05
படம் வரைந்தாயா? சாய்ந்த களம் ஒன்று, சரியான களம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடு. மூலைவிட்டத்தைச் சிவப்பில் காட்டு.

நிலவன், 7:06
சிவப்புப் பேனா ஆசிரியருக்கு மட்டும்தான். பச்சையில் போடுகிறேன்.

தாத்தா, 7:10
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு போகாது, 61 நாளும் உன் அப்பன் வீட்டில்தான். கடற்கரையில் பெரிய களமே போட்டுவிடலாம், கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க அவன் இருக்கிறான்.

நிலவன், 7:10
பாகத்தில் அளக்கக் கூடாது தாத்தா.

தாத்தா, 7:11
சரி, மீட்டரிலேயே அளப்போம். 13க்கு 10 என்றால் மூலைக்கு மூலை எவ்வளவு வர வேண்டும்?

துபாய் சித்தப்பா, 7:13
16 மீட்டர் 40 சென்டிமீட்டர். முடிச்சு போடுமுன் கயிற்றை நன்றாக இழுத்துக்கொள்ளுங்கள் அப்பா.