பிக்கப் மாற்றினேன், இரைச்சல் கூடியது: உங்கள் கதை என்ன?

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

தென்னாப்பிரிக்காவில், எங்கள் டர்பனில் அட்டவணை போட்டு மின்சாரத்தை நிறுத்திய காலத்தில்தான் என் கிட்டாரின் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது. மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) வைத்த ஸ்ட்ராட் வகை எலெக்ட்ரிக் கிட்டார். ஆம்ப்பைப் போட்டாலே 'உம்ம்ம்' என்று ஒரு முனகல். கல்யாண மண்டபத்தில் டியூப் லைட்டும் டிம்மரும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நாதஸ்வரக்காரருக்கு நான்தான் ஒத்து ஊதுகிறேன் என்று குழுவில் கேலி செய்வார்கள். ஒருநாள் இரவு கரண்ட் போனதும் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்பில் வாசித்தேன். முனகலே இல்லை. ஆம்ப் அணைந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு அமைதி. இரண்டு மணி நேரம் கழித்துத் தெருவிளக்கு எரிந்தது, கூடவே முனகலும் வந்துவிட்டது.

காந்தத்தின்மேல் ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்பு வயர், அவ்வளவுதான் சிங்கிள் காயில். தந்தியின் அதிர்வோடு வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். இதற்கு மருந்தை 1955-இலேயே கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் மாற்றி வைத்தால் வெளி இரைச்சல் ஒன்றையொன்று தின்றுவிடும், தந்தியின் ஒலி மட்டும் கூடும். ஆனால் ஹம்பக்கர் என்ற அந்த இரட்டைக் காயில் பிக்கப் அகலமானது. என் கிட்டாரில் அதை வைக்க மரத்தை வெட்ட வேண்டும், எனக்கு மனம் வரவில்லை. அதனால் சிங்கிள் காயில் அளவுக்குள்ளேயே இரண்டு ஒல்லிக் காயிலை அடக்கிய ரெயில் வகையில் மூன்று வாங்கினேன். ஆறு ஆணிகளுக்குப் பதிலாக இரண்டு தகடுகள் நீளவாக்கில் ஓடும்.

புரட்டாசி மாதம், எங்கள் குழுவுக்குக் கல்யாண அழைப்பு வராத மாதம். சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்தேன். "ஈயப் புகை பருப்புல படும்" என்று ஆயா பின் வராந்தாவுக்கு விரட்டிவிட்டார். பிக்கார்டில் (பிக்கப்புகளைத் தாங்கி கிட்டாரின் முகத்தை மூடும் தகடு) பதினொரு திருகுகள், அதில் மூன்று கடற்காற்றில் துருப்பிடித்துக் கிடந்தன. ஒன்றை எடுக்கவே கால் மணி நேரம் ஆனது. பிரிப்பதற்கு முன் பழைய வயரிங்கைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

பழைய பிக்கப்புக்கு இரண்டே வயர். புதியதில் நான்கு நிறம், கூடவே ஒரு வெற்று வயர். கையில் இருந்தது டிமார்சியோ கம்பெனி பிக்கப். கைபேசியில் நான் திறந்து வைத்திருந்ததோ சீமோர் டங்கன் என்ற வேறு கம்பெனியின் வயரிங் படம். அதன்படி கறுப்பு ஸ்விட்ச்சுக்குப் போக வேண்டும், சிவப்பையும் வெள்ளையையும் முறுக்கி டேப் சுற்ற வேண்டும், பச்சையும் வெற்று வயரும் எர்த். மூன்றிலும் பயபக்தியோடு அப்படியே செய்தேன். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன், அளவு சரியாகவே காட்டியது. எல்லாவற்றையும் மூடி, ஆறு தந்தியும் மாட்டி ஆம்ப்பைப் போட்டால், ஹம்பக்கர் முனகுகிறது! ஒலியோ தகர டப்பாவுக்குள் கொசு பாடுவது போல.

டிமார்சியோவில் சிவப்புதான் ஸ்விட்ச்சுக்கு. கறுப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர வேண்டும், பச்சை எர்த். நான் செய்ததில் ஒவ்வொரு பிக்கப்பிலும் ஒரு காயில் தலைகீழாகிவிட்டது. தின்னப்பட வேண்டிய இரைச்சல் கூடியது, கூட வேண்டிய ஒலி தின்னப்பட்டது. மீட்டருக்கு இது தெரியாது. காயிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓம் கணக்கு ஒன்றுதான்.

மறுபடி பிரித்து, கறுப்பையும் சிவப்பையும் இடம் மாற்றத் தொடங்கினேன். மூன்றாவதில் கை வைத்தபோது கரண்ட் போய்விட்டது. சால்டரிங் அயர்ன் ஆறிப்போக, ஸ்விட்ச்சின் காதில் பாதி உருகிய ஈயம் மணல் மணலாக மங்கி உறைந்தது. இப்படிப்பட்ட ஒட்டு பார்க்கப் பிடித்தது போல் இருக்கும், மேடையில் கழுத்தறுக்கும். இரண்டு மணி நேரம் ஆயாவோடு உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் முருங்கைக்கீரை உருவினேன். கரண்ட் வந்ததும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தேன்.

இப்போது முனகல் இல்லை. ஒலிதான் கொஞ்சம் கம்பளி போர்த்தியது போல் இருக்கிறது. அதற்குக் காரணம் பழைய 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியில் இருப்பது), ஹம்பக்கருக்கு 500 வைப்பதுதான் வழக்கம். அது அடுத்த புரட்டாசிக்கு.

லெனேசியாவிலிருந்து:

அண்ணா, உங்கள் பிக்கப்பாவது கிட்டார் மரத்தில் உள்ள குழிக்குள் இறங்கியது. நான் வாங்கியது காயிலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்டாக் வகை. மேலே பார்த்தால் சாதாரண சிங்கிள் காயில், கீழே உயரம் அதிகம். குழியின் ஆழத்தை நான் அளக்கவே இல்லை. அடிப்பாகம் மரத்தில் முட்டிக்கொண்டு, பிக்கப் தந்தியை உரசாத குறையாக நின்றது. காந்தம் இழுத்த இழுப்பில் தடித்த தந்தியில் உயர்ந்த ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகள்) வாசித்த சுரங்கள் அலையடித்தன, ட்யூனரின் முள் நிலைகொள்ளவே இல்லை. அப்பா தச்சு வேலைக்காரர். உளியை என்னிடம் தராமல் தானே மூன்று மில்லிமீட்டர் செதுக்கிக் கொடுத்தார், செதுக்கி முடிக்கும்வரை திட்டிக்கொண்டே. இப்போது கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறது. அலை போய்விட்டது.

டோங்காட்டிலிருந்து:

நான் பிரிட்ஜ் பிக்கப்பை (தந்தியின் அடிமுனைப் பக்கம் இருப்பது) மட்டும் மாற்றினேன். நெக்கில் (கழுத்துப் பக்கத்துப் பிக்கப்) வரும் அந்த மணியோசை ரெயிலில் வராது, யார் என்ன சொன்னாலும் சரி. ஆனால் ஸ்விட்ச்சைத் தள்ளி பிரிட்ஜையும் நடுவையும் சேர்த்தால் ஒலி மூக்கடைத்துப் போனது. இரண்டும் வேறு வேறு கம்பெனி, எதிரெதிர் திசை. நான்கு வயர் இருந்ததால் பிழைத்தேன். ரெயிலில் ஸ்விட்ச்சுக்குப் போன வயரையும் எர்த்துக்குப் போன நிற வயரையும் இடம் மாற்றினேன், வெற்று வயரை மட்டும் எர்த்திலேயே விட்டேன்.

சாட்ஸ்வொர்த் தம்பி, ஈயம் வைப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம். மீட்டரை ஓமில் வைத்து, பிக்கப்பின் மேல் ஸ்க்ரூடிரைவரை ஒட்டவிட்டு வெடுக்கென்று இழுங்கள். எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். சேர வேண்டிய இரண்டும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒவ்வொரு காயிலாகவும் பார்க்கலாம்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து:

அக்கா, இதை முன்பே சொல்லியிருந்தால் அன்று கீரை உருவியிருக்க மாட்டேன். கழற்றிய பழைய பிக்கப் மூன்றும் பிஸ்கட் டப்பாவில் இருந்தன, எடுத்துச் செய்து பார்த்தேன். மூன்றிலும் எண் ஏறியது. அப்புறம் விளையாட்டாக இரண்டு இரண்டாக முகத்தோடு முகம் வைத்தேன். நெக்கும் பிரிட்ஜும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. நடுவில் இருந்தது மட்டும் இரண்டோடும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. அதன் காந்தமும் சுற்றும் எதிர்ப்புறம் போலிருக்கிறது. அப்படியானால் ஸ்விட்ச்சின் இரண்டாம், நான்காம் இடங்களில், அதாவது நடுவோடு பிரிட்ஜோ நெக்கோ சேரும் இடங்களில், முனகல் முன்பே அடங்கியிருக்க வேண்டுமே? இத்தனை வருடம் நெக்கிலேயே வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.